நாளை எண்ணோணும்: ஓர் அரிக்கா பாமும் 46 நாள் செஞ்சிலந்தியும்

மார்ச் 5ஆம் தேதி சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஹாலின் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தபோது, அரிக்கா பாம் என்ற பனைக் குடும்பத்துத் தொட்டிச் செடியின் இரண்டு கீற்றுகளுக்கு நடுவே மெலிதாக ஒரு நூல் மின்னியது. ஒட்டடை என்று நினைத்துத் துணியோடு போனேன். கிட்டே போய்ப் பார்த்தால் நூலின் மேல் தூசி ஒட்டியிருக்கிறது. அந்தத் தூசி நடக்கிறது.

அன்றிலிருந்து ஏப்ரல் 20 வரை, 46 நாள், அந்தத் தூசியோடு, அதாவது இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தி என்ற பொடி உயிரோடு, மல்லுக்கட்டினேன். நடுவில் ஒருமுறை ஒழிந்துவிட்டது என்று நிம்மதியாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது. என்ன செய்தேன், எது பலித்தது, எங்கே தவறியது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீடு கோவை ஆர்.எஸ்.புரத்தில், மூன்றாவது மாடி. ஹாலில் ஏழு செடிகள்: ஆளுயர அரிக்கா பாம், அலோகேசியா, கலாத்தியா, பீஸ் லில்லி, ரப்பர் செடி, சின்கோனியம், ஸ்நேக் பிளான்ட். சமையலறை ஜன்னலில் இரண்டு மணி பிளான்ட். படுக்கையறையில் ஓர் இங்கிலீஷ் ஐவி. பால்கனியில் ஒரு ரோஜாவும் துளசியும். இந்த ரோஜாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி கடைசியிலேயே வெயில் ஏறிவிட்டதால் சாயங்காலம் ஹாலில் ஏ.சி. ஓடும். பகலில் ஹாலின் வெப்பம் 29, 30 டிகிரி. ஏ.சி. ஓடும்போது காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். வெப்பம், வறண்ட காற்று, மழை படாத இலை. செஞ்சிலந்திக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

மூன்று வாரம் தப்பாகப் படித்த இலை

பிப்ரவரி நடுவிலேயே பாமின் கீழ் ஓலைகள் மங்க ஆரம்பித்திருந்தன. பச்சையின் பளபளப்பு போய், மேலே சாம்பல் தூவியது போல இருந்தது. சத்துக் குறைவு என்று முடிவு செய்து, தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தைக் கரைத்து இரண்டு முறை ஊற்றினேன். வழக்கத்தைவிட அடிக்கடி தண்ணீரும் விட்டேன். இரண்டுமே தப்பு. தழைச்சத்து ஏறிய இலையைத் தின்னும் செஞ்சிலந்தி அதிகமாக முட்டையிடும். அதற்கு விருந்து வைத்துவிட்டு, செடி ஏன் தேறவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வித்தியாசம் இலையிலேயே எழுதியிருந்தது. சத்துக் குறைவு என்றால் மஞ்சள் ஓர் ஒழுங்கில் வரும்: நரம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி வெளுக்கும், அல்லது விளிம்பிலிருந்து காயும், அல்லது அடியிலைகள் முழுதாக ஒரே சீராகப் பழுக்கும். செஞ்சிலந்தி தின்ற இலையில் அந்த ஒழுங்கு இல்லை. ஊசி முனையால் குத்திக் குத்தி வைத்ததுபோல வெளிர்ப் புள்ளிகள், நரம்பென்றும் நடுவென்றும் பார்க்காமல் இறைந்து கிடக்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நன்றாகத் தெரியும். இலைப்பேன் தாக்கினாலும் இலை வெளுக்கும். ஆனால் அது வெள்ளி பூசிய திட்டாக இருக்கும், மேலே மிளகுத்தூள் போலக் கருப்பு எச்சம் கிடக்கும். மாவுப்பூச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பஞ்சு போலக் காட்டிக் கொடுத்துவிடும்.

உறுதி செய்ய ஒரு வெள்ளைத் தாள் போதும். சந்தேகப்படும் இலைக்குக் கீழே தாளைப் பிடித்து, இலையை விரலால் நாலு தட்டு தட்ட வேண்டும். விழுவதை ஒரு நிமிஷம் அசையாமல் பார்க்க வேண்டும். தூசி அப்படியே கிடக்கும், இவை நகர ஆரம்பிக்கும். நகர்வதை விரலால் தேய்த்தால் தாளில் செம்பழுப்பாகவோ பச்சையாகவோ ஒரு கீற்று விழும். அன்று ஒரே ஓலையிலிருந்து விழுந்தவற்றை எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். வீட்டுக்குள் இருந்த மற்ற செடிகளையும் தட்டிப் பார்த்தேன். அலோகேசியாவிலும் கலாத்தியாவிலும் நிறைய. ஐவியின் இலையடியில் மெத்தை போல நூல். சின்கோனியத்தில் இரண்டு மூன்று. தோல் தடித்த ரப்பர் செடியிலும் ஸ்நேக் பிளான்ட்டிலும் ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் நகை வேலை செய்பவர். அவரிடம் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தது, கடன் வாங்கிவந்தேன். இலையின் அடிப்பக்கத்தை அதில் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டை வடிவ உடம்பு, எட்டுக் கால், வெளிர் பச்சை உடம்பில் இரண்டு பக்கமும் இரண்டு கரும் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் உடம்பின் நிறமல்ல. வயிற்றுக்குள் போன தீனி கண்ணாடி போன்ற தோல் வழியாகத் தெரிகிறது. நடுநடுவே கண்ணாடிக் குண்டு போல முட்டைகள். அங்கங்கே சட்டை உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள். பெயர் செஞ்சிலந்தி என்றாலும் சிவப்பைத் தேடினால் ஏமாந்துவிடுவோம். சிவப்பாகவும் வரும், இப்படிப் பச்சையாகவும் வரும். சிலந்திப்பேன், சிவப்புச் சிலந்தி, மைட் என்று ஊருக்கு ஒரு பெயர்.

முக்கியமாக, இது பூச்சியே அல்ல. ஆறு கால் உள்ளது பூச்சி. எட்டுக் கால் உள்ள இது சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தம். பூச்சிமருந்து என்று கடையில் கொடுப்பதில் பல இதை ஒன்றும் செய்யாது. இந்த ஒரு வரி ஜனவரியிலேயே எனக்குத் தெரிந்திருந்தால் 46 நாளும் மிச்சம். அந்த ஜனவரிக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் சுற்று: நுரைக்காத சோப்பு

மார்ச் 6ஆம் தேதி மிக மோசமான நான்கு ஓலைகளை வெட்டி, கவரில் கட்டி, அன்றே குப்பை வண்டியில் போட்டேன். ஐவியைக் காப்பாற்ற முயலவில்லை, அதையும் தொட்டியோடு கட்டிப் போட்டுவிட்டேன். ஒரு செடியை விட்டுக்கொடுத்தால் ஒன்பது செடி பிழைக்கும் என்றால் விட்டுக்கொடுக்கலாம். ஐவி செஞ்சிலந்திக்கு அவ்வளவு பிடித்த செடி.

மற்ற செடிகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். இரண்டு நாள் தாளில் ஒன்றிரண்டுதான் விழுந்தது. மார்ச் 11ஆம் தேதி மறுபடி இருபதுக்கு மேல்.

இரண்டு காரணங்கள். ஒன்றை நானே கண்டுபிடித்தேன். எங்கள் அடுக்ககத்தில் உப்பில்லாத சிறுவாணிக் குடிநீர் சமையலறைக்கு மட்டும்தான். குளியலறையில் வருவது போர் தண்ணீர், நல்ல உப்பு. போர் தண்ணீரில் துணி சோப்பு நுரைக்காது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, வெள்ளையாகப் படிந்துவிடும். செஞ்சிலந்தியின் தோலில் ஒட்டி வேலை செய்ய வேண்டிய சோப்பு வாளியின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் தெளித்தும் பயனில்லை. நான் முதல் நாள் தெளித்த திரவம் சோப்பே அல்ல, டிடர்ஜென்ட். அது நுரைத்தது, ஆனால் இலையின் மேலுள்ள மெழுகைக் கரைத்துவிட்டது. பீஸ் லில்லியின் இலைகள் பொலிவிழந்தது அதனால்தான். அதை விட்டுவிட்டு, காதி சோப்புக்கு மாறியதும் உப்புத் தண்ணீரின் வேலை தெரிந்தது. அதன் பிறகு கலக்குவதெல்லாம் சிறுவாணித் தண்ணீரில். செடியைக் கழுவ மட்டும் போர் தண்ணீர்.

இரண்டாவது காரணத்தைச் சொன்னது மாமா.

அம்மாவின் தம்பி. ஓசூர் பக்கம் தளியில் குத்தகைக்கு நிலம் எடுத்து, பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறார். பசுமைக்குடில் ரோஜாவுக்குச் செஞ்சிலந்தி தீராத தலைவலி. மார்ச் 13ஆம் தேதி இரவு போன் செய்து, தெளித்தும் திரும்ப வந்துவிட்டது, வேறு என்ன மருந்து என்று கேட்டேன்.

"மருந்து எதுன்னு அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு. மொதல்ல நாளை எண்ணோணும்" என்றார். "நீ தெளிச்ச அன்னைக்கு நடமாடறது செத்துப் போயிரும். முட்டை சாகாது. அந்த முட்டை பொரிஞ்சு, பெருசாகி, மறுபடி முட்டை வெக்கறதுக்குள்ள அடுத்த தெளிப்பு விழோணும். உன்ர ஊட்ல எத்தனை டிகிரி?"

"முப்பது இருக்குங்க மாமா."

"அப்ப நாலு நாளைக்கு ஒருக்கா."

நாலு நாள் கணக்கு

முப்பது டிகிரி வெப்பத்தில் செஞ்சிலந்தியின் முட்டை மூன்று நாள் வாக்கில் பொரிந்துவிடும். வெளியே வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். தின்று, ஓய்ந்து, தோலுரித்து எட்டுக் காலாகி, மறுபடி ஒருமுறை, மறுபடி ஒருமுறை. முட்டையிலிருந்து முழு வளர்ச்சி வரை மொத்தம் எட்டு நாளைப் போல ஆகும். அடுத்த ஓரிரு நாளில் அதுவே முட்டையிடத் தொடங்கும். நாளுக்கு ஐந்து முதல் பத்து. வாழ்நாளில் நூறு வரைக்கும்.

நான் தெளித்த நாளன்று காலையில் இட்ட முட்டையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலாம் நாளுக்குள் அது பொரிந்திருக்கும், ஆனால் தாயாகியிருக்காது. அன்று அடுத்த தெளிப்பு விழுந்தால் அந்தத் தலைமுறை முட்டையிடாமலே போய்விடும். ஏழாம் நாளோ பத்தாம் நாளோ தெளித்தால், ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே முட்டை வைத்துவிட்டதைத்தான் கொல்கிறோம். 'வாரம் ஒருமுறை தெளிக்கவும்' என்கிற பொதுவான அறிவுரை எங்கள் ஊர் மார்ச்சுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, 20 டிகிரி வீட்டில், இதே வளர்ச்சிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அங்கே வாரம் ஒருமுறை சரியாகவே இருக்கும்; ஆனால் அத்தனை வாரங்கள் நீட்டித்துத் தெளிக்க வேண்டும்.

கணக்குப்படி இரண்டே தெளிப்பில் முடிய வேண்டும். முடியாது. ஏனென்றால் தெளிப்பு எல்லா இலையடியிலும் படாது. ஏ.சி. அடிக்கும் மூலையில் முட்டை தாமதமாகப் பொரியும். பாமின் கீற்று மடிப்புக்குள் நாலு ஒளிந்திருக்கும். அந்த நாலில் ஒன்று மிஞ்சினாலும் போதும். செஞ்சிலந்தியில் ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அந்த முட்டைகள் எல்லாம் ஆணாகப் பொரியும். பிறகு அந்த ஆண்களோடு சேர்ந்து பெண்களையும் ஈன்று, ஒரே ஒருத்தி ஒரு கூட்டத்தை உருவாக்கிவிடுவாள். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருந்தது. ஆகவே ஐந்து தெளிப்பு என்று வைத்துக்கொண்டேன்: மார்ச் 14, 18, 22, 26, 30. நாட்காட்டியில் வட்டம் போட்டு, அலாரமும் வைத்தேன்.

ஒவ்வொரு முறையும் வேலை இப்படி நடந்தது. தொட்டியின் வாயை பிளாஸ்டிக் கவரால் மூடித் தண்டோடு கட்டிவிடுவேன், மண் கொட்டாமலும் ஊறாமலும் இருக்க. பிறகு குளியலறையில் செடியைச் சாய்த்து வைத்து, ஹெல்த் ஃபாசெட்டின் பீய்ச்சலைக் கீழிருந்து மேலாக, இலையின் அடிப்பக்கம் படும்படி அடிப்பேன். நூல் இருந்தால் விரலால் உருவிவிடுவேன், நூலுக்குள் மருந்து இறங்காது. பாமுக்கு மட்டும் இருபது நிமிஷம் பிடித்தது. உண்மையில் பாதி வேலையைச் செய்தது இந்த வெறும் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். பீய்ச்சலில் அடித்துக்கொண்டு போன செஞ்சிலந்தி செடிக்குத் திரும்பி வருவது அபூர்வம். முட்டைகளிலும் கொஞ்சம் உதிர்ந்துவிடும்.

தண்ணீர் வடிந்ததும் தெளிப்பு. ஒரு லிட்டர் சிறுவாணித் தண்ணீருக்குத் திரவ காதி சோப்பு 10 மில்லி. இது ஒன்று, மூன்று, ஐந்தாவது தெளிப்புக்கு. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் வேப்பெண்ணெய்: முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து, அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, பால் போல வெளுக்கும் வரை குலுக்கி, மிச்சத்தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, அப்போதே தெளித்து முடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அந்த எண்ணெய் இலையைப் பொசுக்கும். சோப்போ எண்ணெயோ உடம்பில் நேராகப் பட்டால்தான் கொல்லும். காய்ந்த பிறகு சோப்பு ஒன்றும் செய்யாது. ஆகவே இலையடி சொட்டச் சொட்ட நனைய வேண்டும். மேலே நாலு பூவாளித் துளி விட்டால் போதாது.

செடி குளியலறையில் இருக்கும் நேரத்தில் அது நின்ற இடத்தைத் துடைத்தேன்: ஸ்டாண்டு, ஜன்னல் விளிம்பு, தொட்டியின் வெளிப்பக்கம். திரைச்சீலையை ஒருமுறை துவைத்தேன். ரப்பர் செடியையும் ஸ்நேக் பிளான்ட்டையும் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

ஒரு சேதம். மார்ச் 18, ஞாபகம் வந்தது காலை பதினொரு மணிக்கு. வேப்பெண்ணெய் தெளித்து கலாத்தியாவை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டேன். இரண்டு நாளில் மூன்று இலைகளில் எண்ணெய்க் கறை போலப் பழுப்புத் திட்டுகள், பிறகு அவை காகிதம் போலக் காய்ந்தன. மெல்லிய இலைச் செடிக்கு எண்ணெயும் வெயிலும் சேரவே கூடாது. அதன் பிறகு எல்லாத் தெளிப்பும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். ஏ.சி.யை நிறுத்தி, மின்விசிறியை மெதுவாக விட்டு, செடி மெல்லக் காயும்படி வைத்தேன். கலாத்தியாவுக்கு எண்ணெயே கிடையாது, சோப்பு மட்டும், அதையும் ஒரு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசிவிடுவேன். எந்தக் கலவையானாலும் முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 26ஆம் தேதி தாளில் விழுந்தவை மூன்று. 30ஆம் தேதி ஒன்றுமில்லை. ஏப்ரல் 3ஆம் தேதி பார்த்தேன், ஒன்றுமில்லை. மாமாவுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 7

பாமில் புதிதாக விரிந்த ஓலை ஒன்று இருந்தது. பளிச்சென்ற இளம்பச்சை. சனிக்கிழமைதோறும் எல்லாச் செடியையும் தட்டிப் பார்ப்பது போக, அந்த ஓலையை ஆசையாக அடிக்கடி பார்ப்பேன். ஏப்ரல் 7ஆம் தேதி அதன் நுனியில் வெளிர்ப் புள்ளிகள். தட்டினால் ஆறு ஏழு விழுந்தன.

சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அதே செடியை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றியது. மிச்சம் மீதி பிழைத்து வந்ததென்றால் கீழே, பழைய ஓலைகளின் மடிப்பில் அல்லவா முதலில் தெரிய வேண்டும்? அங்கே ஒன்றுமே இல்லை. அலோகேசியாவிலும் கலாத்தியாவிலும் இல்லை. புது ஓலையில், அதுவும் ஒரு பக்கக் கீற்றுகளில் மட்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று திரும்பினேன். சாமி அலமாரி.

அலமாரியின் கீழ்த் தட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் அம்மா தினம் காலையில் பால்கனி ரோஜாவிலிருந்து கிள்ளி வைக்கும் பூ. காம்போடு, இரண்டு மூன்று இலையோடு. பாமின் புது ஓலை வளைந்து அந்த டம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. டம்ளரில் இருந்த ரோஜா இலையைத் தாளில் தட்டினேன். எள் கொட்டியது போல விழுந்தது.

பால்கனிக்குப் போய் ரோஜாவைத் திருப்பிப் பார்த்தால், அடியிலைகள் எல்லாம் செம்பு நிறம். பிப்ரவரியிலேயே அப்படித்தான் இருந்தது. வெயில் சூடு என்று நினைத்து விட்டிருந்தேன். 33 நாளாக வீட்டுக்குள் தெளித்துக்கொண்டிருந்தேன், ஊற்று வெளியே இருந்தது. தினம் ஒரு பூவின் காம்பில் ஏறி உள்ளே வந்துகொண்டிருந்தது.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த கையோடு ரோஜா மொட்டுகளில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி மொய்த்தது. கடையில் கேட்டு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை வாங்கித் தெளித்தேன். அசுவினி இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் அந்த மருந்து செஞ்சிலந்தியைக் கொல்லாது. செஞ்சிலந்தியைத் தின்று வாழும் குட்டிக் கருவண்டு போன்றவற்றைக் கொல்லும். இன்னும் ஒரு படி மேலே, மருந்து ஏறிய இலையைத் தின்ற செஞ்சிலந்தி அதிகமாக முட்டையிடும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வெளிநாட்டு மர வண்டு ஒன்றை ஒழிக்க எல்ம் மரங்களுக்கு இதே இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். மருந்து கொடுத்த மரங்களில் செஞ்சிலந்தி வெடித்துப் பெருகியது. அதை ஆராய்ந்தவர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு காரணங்களையும் சொல்லியிருந்தார்கள்: எதிரிகள் குறைந்தன, மருந்துண்ட இலையைத் தின்ற செஞ்சிலந்திகள் கூடுதலாக ஈன்றன. அங்கே ஒரு பூங்காவுக்கு நடந்தது இங்கே ஒரு தொட்டிக்கு நடந்திருக்கிறது. செடிக்கு அசுவினி வந்தால் தண்ணீர் பீய்ச்சலும் சோப்பும் போதும். அதற்கு இந்த மருந்தை எடுக்காதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "இலையைக் கிள்ளிட்டு வெறும் பூவை வெச்சா ஆகாதா?" என்று கேட்டார். "முத்திப் போனா பூவுக்குள்ளயும் இருக்கும்மா" என்றேன். "அப்ப செடி தேறட்டும். அதுவரைக்கும் சாமிக்கு மார்க்கெட் அரளி போதும்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை அவரே கழுவி எடுத்துவைத்தார். ரோஜாவை ஒரு அடி உயரத்துக்குக் கவாத்து செய்தேன். மிச்சம் இருந்த இலைகளையும் உருவி, மண்மேல் உதிர்ந்து கிடந்ததைக்கூடப் பொறுக்கி, கவரில் கட்டிப் போட்டேன். துளசியில் தட்டிப் பார்த்ததில் சில இருந்தன, அதையும் கழுவினேன். இலையைச் சாப்பிடுவதால் அதற்குத் தண்ணீர் மட்டும்.

இரண்டாவது சுற்று ஏப்ரல் 8, 12, 16, 20. அதே நாலு நாள். இந்த முறை ரோஜாவும் வரிசையில் இருந்தது.

வேறு வழிகள்

மருந்தே அடிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். செஞ்சிலந்திக்கென்றே மருந்துகள் உண்டு: புரோபர்கைட், அபாமெக்டின், ஸ்பைரோமெசிஃபென், ஃபெனாசாகுயின். மாமா அவற்றை மாற்றி மாற்றி, வேலை செய்யும் விதம் வேறாக இருக்கும்படி பார்த்து அடிக்கிறார், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. அப்படியிருந்தும் அவருக்கு அது தீரவில்லை. உலகில் இந்த இனம் 90க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு எதிர்ப்பு காட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. ஒரே மருந்தை மூன்று முறை அடித்தால், சாகாமல் மிஞ்சுவது மட்டும் பெருகும். அந்த மருந்துகள் வயலுக்கும் பசுமைக்குடிலுக்கும் அளவு சொல்லி விற்கப்படுபவை. கதவு மூடி ஏ.சி. ஓடும் ஹாலில், அம்மா படுத்து டி.வி. பார்க்கும் இடத்தில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வேளாண் குறிப்புகளில் டைக்கோபால் என்று போட்டிருக்கும். அது, எளிதில் அழியாத நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் 2019இல் ஒழிக்க வேண்டிய பொருளாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவும் 2023இல் தடை செய்துவிட்டது. யாராவது பழைய பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) பால்கனிச் செடிக்கு ஆகும், ஆனால் வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும். நான் எண்ணெய் வழியில் போனதால் அதைத் தொடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழி, கைக்கு எட்டாத வழி, செஞ்சிலந்தியைத் தின்னும் வேறொரு வகை மைட். ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்று பெயர். 1958இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு வந்தது. வந்த இடத்தில் செஞ்சிலந்தியை வேட்டையாடுவதைக் கண்டு, அதை வளர்த்து ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் விட ஆரம்பித்தார்கள். ஆரஞ்சு நிறம், நீண்ட கால், வேகமான நடை. அது வேறெதையும் தின்னாது, செஞ்சிலந்தி தீர்ந்தால் பட்டினியில் தானும் தீர்ந்துவிடும். காற்றில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் வேண்டும் அதற்கு. என் ஹாலில் 40. கிடைத்திருந்தாலும் பிழைத்திருக்காது.

ஈரப்பதம் கூட்டினால் போகுமா என்றால், இலைமேல் பாட்டிலால் பன்னீர் தெளிப்பது போலத் தெளிப்பதில் ஒரு பிரயோஜனமும் நான் காணவில்லை. பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது. ஏ.சி.யின் காற்று நேராகப் படாத இடத்துக்குப் பாமை நகர்த்தியது உதவியது. வாரம் ஒருமுறை குளியலறையில் நிறுத்தி இலையடியைக் கழுவுவது அதைவிட உதவியது. தூசியும் போகும், புதிதாக ஏறியதும் போகும்.

ஏப்ரல் 20க்குப் பிறகு மே, ஜூன், ஜூலை சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் தாள் வெறுமையாகவே இருந்தது. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீச ஆரம்பித்தபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பாம் ஆறு ஓலைகளை இழந்து மூன்று புதிதாக விட்டது. புள்ளி விழுந்த பழைய இலைகள் பச்சையாகத் திரும்பவில்லை. உறிஞ்சப்பட்ட பச்சையம் திரும்பி வராது, அதை எதிர்பார்த்து உரம் போடக்கூடாது. அலோகேசியாவில் எல்லா இலையும் போய்விட்டது. கிழங்கு கெட்டியாக இருந்ததால் வைத்திருந்தேன், மே மாதம் மூன்றாம் வாரம் மடித்த குடை போல ஒரு தளிர் வந்தது. கலாத்தியா இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ரோஜாவில் ஜூன் கடைசியில் முதல் பூ. அம்மா அதைக் கிள்ளுவதற்கு முன்னால் வெள்ளைத் தாளையும் பூவையும் என்னிடம் நீட்டினார், தட்டிப் பார்த்துக் கொடுத்தேன்.

ஐவி இருந்த இடத்துக்கு ஒரு போஸ்டன் பெர்ன் வாங்கியிருக்கிறேன். இன்னும் ஹாலுக்கு வரவில்லை. மூன்று வாரம் குளியலறை ஜன்னலில் தனியாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இன்றோடு 14 நாள்.